இதில் பில் போடக் கூடாது

மானிட்டரின் நெற்றியில் ஒரு துண்டுத்தாளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். சிவப்பு மார்க்கரில், கொட்டை எழுத்தில்: ‘இதில் பில் போடக் கூடாது’. வாசலில் ‘தீப்பெட்டி, செல்போன் உள்ளே கொண்டுவராதே’ என்று எழுதிய அதே கை. புத்தம்புது கம்ப்யூட்டர். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஸ்கிரீனில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை. அதற்குள் அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

2024 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. தீபாவளி 31-ஆம் தேதி. விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆபீஸ் வைத்திருக்கும் யாரிடமும் இந்தச் சமயத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போலப் பேச முடியாது. வெளியே லாரி நிற்கும், உள்ளே மூன்று போன் ஒன்றாக அடிக்கும், நடுவில் ஒரு வெளியூர் பார்ட்டி நாற்காலியில் உட்கார்ந்து ‘நம்ம சரக்கு எப்பண்ணே ஏறும்’ என்று நச்சரித்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட நாளில் ஐந்து கம்ப்யூட்டரில் ஒன்று படுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலாளி காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். “தம்பி, அந்தப் புதுப் பொட்டி தப்பு தப்பா ரேட் போடுது. மத்த நாலும் ஒழுங்கா இருக்கு. வெரசா வாங்க.”

“என்னண்ணாச்சி தப்பு?”

“கூடப் போடுதுப்பா. கும்பகோணம் பார்ட்டி கத்துறான்.”

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன்னால் அந்தப் பார்ட்டி காலையில் போனில் சொன்ன ஆர்டருக்குப் புதுக் கம்ப்யூட்டரில் பில் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் ‘இன்னும் ரெண்டு பெட்டி புஸ்வாணம் சேர்த்துக்கங்க’ என்றதற்கு வேறொரு கம்ப்யூட்டரில் இன்னொரு பில். ஒரே நாள், ஒரே பார்ட்டி, ஒரே சரக்கு. ஒன்றில் பெட்டி 1,960 ரூபாய், மற்றதில் 1,840. இரண்டு பில்லும் வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்துப் போய் விழுந்தால் கத்தாமல் என்ன செய்வார்?

அந்த ஆபீஸின் பில்லிங் புரோகிராம் நான் எழுதியது. 2011-ல், அக்சஸில். ‘இன்னுமா அக்சஸ்?’ என்று சிரிக்கிறவர்கள் ஒருநாள் சிவகாசிப் பக்கம் வந்து, பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ், பேப்பர் கடை என்று நாலு இடம் ஏறி இறங்கிப் பார்க்கலாம். கணக்கு ரூமில் இருக்கும் கம்ப்யூட்டரில் டேட்டா ஃபைல் ஒன்று. மற்ற கம்ப்யூட்டர்களில் ஃபாரமும் ரிப்போர்ட்டும் மட்டும் உள்ள இன்னொரு ஃபைல். எல்லாரும் அந்த ஒரே டேட்டாவைத்தான் தொடுகிறார்கள். பதின்மூன்று வருஷமாக அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இந்த மாதிரி அமைப்பில் ஐந்தில் ஒன்று மட்டும் தகராறு என்றால் எனக்கு உண்மையில் சந்தோஷம்தான். ஐந்தும் படுத்தால் டேட்டாவில் கோளாறு, ராத்திரி தூக்கம் போச்சு. ஒன்று மட்டும் என்றால் டேட்டா நன்றாக இருக்கிறது, கோளாறு அந்தப் பெட்டிக்குள். தேட வேண்டிய இடம் அஞ்சில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போதே சந்தேகப் பட்டியல் போட்டுவிட்டேன்.

முதலில் பூட்டு ஃபைல். அக்சஸ் டேட்டாவை யாராவது திறந்த உடனே பக்கத்திலேயே ‘எல்டிபி’ என்று முடியும் குட்டி ஃபைல் ஒன்று முளைக்கும், கடைசி ஆள் மூடியதும் மறையும். அதை நோட்பேடில் திறந்து பார்த்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். ஆளுக்கு 64 பைட்: 32 கம்ப்யூட்டர் பெயருக்கு, 32 யூசர் பெயருக்கு. 255 பேருக்கு மேல் இடம் கிடையாது. புதுக் கம்ப்யூட்டருக்கு அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையென்றால் இந்த ஃபைலில் பெயர் ஏறாது, ஆயிரம் தகராறு வரும். திறந்து பார்த்தேன். நான் வைத்த நாலு பெயருக்குக் கீழே ‘டெஸ்க்டாப்’ என்று ஆரம்பித்து வாயில் நுழையாத எழுத்துகளுடன் ஐந்தாவது பெயர். விண்டோஸ் தானாக வைத்துக்கொண்ட பெயர் அது, யாரும் மாற்றவில்லை. அனுமதி சரி.

அடுத்து, பழைய ஃபார்ம் ஃபைலைக் காப்பி செய்துவிட்டார்களா? இல்லை, அதே வெர்ஷன். லைப்ரரி ரெஃபரன்ஸ் ஏதாவது அறுந்திருக்கிறதா? இந்த வியாதி விசித்திரமானது. சம்பந்தமே இல்லாத ஒரு லைப்ரரி அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாமல் போனால், இன்றைய தேதியைத் தரும் சாதாரண ஃபங்ஷன்கூட ‘என்னைத் தெரியாது’ என்று நிற்கும். அதுவும் இல்லை. பிறகு ஆபீஸ் அப்டேட். 2019 நவம்பர் 12-ஆம் தேதி வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, உலகம் முழுக்க அக்சஸில் அப்டேட் க்வெரிகள் ‘க்வெரி கரப்ட்’ என்று 3340-ஆம் எண் எரரோடு நின்றது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மறக்காது. அப்டேட் ஏறிய கம்ப்யூட்டரில் எரர், ஏறாததில் ஒன்றுமில்லை. ஆனால் அது எரர் என்று சத்தம் போடும் கோளாறு. இங்கே எரரே இல்லை. புரோகிராம் சிரித்த முகத்தோடு வேறு ரேட்டைப் போடுகிறது.

ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அந்த சீட்டில் வழக்கமாக உட்காரும் அக்கா கைவேலை இல்லாமல் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகப் பில் போடுகிறவர். பில் புக்கில் கார்பன் வைத்து எழுதிய காலத்திலிருந்து.

“தம்பி, எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னா சிரிக்கக் கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“இந்தப் பொட்டி இன்னைக்கு ஏப்ரல் பத்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. கீழ மூலையில பாருங்க.”

பார்த்தேன். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் 10/4/2024. ஏப்ரல் பத்து இல்லை, அக்டோபர் நாலு. மாதத்தை முன்னால் போடும் அமெரிக்க வழக்கம். கம்ப்யூட்டரை ஏற்றிக்கொடுத்தவர் விண்டோஸ் போட்டபோது ரீஜனை மாற்றாமல் அமெரிக்காவாகவே விட்டிருக்கிறார். மற்ற நாலிலும் இந்தியா: 04-10-2024.

அக்காவைக் கும்பிடாத குறை. ஒரு நிமிஷ வேலை. ரீஜனை இந்தியாவுக்கு மாற்றி, புரோகிராமை மூடித் திறந்து, அதே புஸ்வாணத்துக்கு ஒரு பில் தட்டிப் பார்த்தேன். 1,840. மற்ற நாலு கம்ப்யூட்டரிலும் 1,840. ஐந்தும் ஒன்று.

மேனேஜர் முகம் மலர்ந்தது. முதலாளி ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, “முடிஞ்சுதா? ஏய், தம்பிக்கு ஒரு டீ சொல்லு” என்றார். லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

இந்தப் பதிவை நான் எழுதுவதற்குக் காரணமே அந்த ஜிப்பைப் பாதியில் நிறுத்திய கேள்விதான். அக்காதான் கேட்டார். என்னிடம்கூட இல்லை, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம்.

“ஏட்டி, போன சனிக்கிழமை நான் உன் பொட்டியிலதான பில்லு போட்டேன்? அன்னைக்கு புஸ்வாணம் 1,960-னு வந்துச்சே?”

போன சனிக்கிழமை என்றால் செப்டம்பர் 28. பழைய கம்ப்யூட்டர், இந்திய செட்டிங். அந்த பில்லை எடுக்கச் சொன்னேன். 1,960.

டீ ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி ரூமுக்குப் போனேன்.

“அண்ணாச்சி, எந்த ரேட் சரி?”

மூன்று நாளாக ஆபீஸே அல்லோலப்பட்டும் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. நாலு பேர் ஒன்று சொல்கிறார்கள், புதிதாக வந்தவன் ஒருவன் வேறு சொல்கிறான். யார் பக்கம் தப்பு என்று விசாரிக்கவா வேண்டும்?

அவர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அச்சடித்த விலை ஒன்று, அதன் மேல் டிஸ்கவுன்ட் என்று ஒரு பெரிய சதவீதம், அதற்குப் பிறகு பார்ட்டிக்குப் பார்ட்டி ஒரு பேச்சு. உண்மையான ரேட் முதலாளியின் மேஜை டிராயரில் இருக்கும். டிராயரைத் திறந்து கையால் எழுதிய தாளை எடுத்தார். ‘1-8-24 முதல்’ என்று மேலே போட்டிருந்தது. புஸ்வாணம் பெரிசு: 1,960.

“மருந்து விலை ஏறிருச்சுல்ல, ஆடியிலேயே ஏத்திட்டோமே. நடுவருஷத்துல ஏத்துறது நமக்குப் பழக்கமில்ல, இந்த வருஷம்தான் மொதத் தடவை.”

அந்தக் கடைசி வாக்கியம் விழுந்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ கரைந்தது. தள்ளி வைத்த பெட்டிதான் சரியான ரேட்டைப் போட்டிருக்கிறது. நான் வந்து அதையும் தப்பாக்கிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

உடைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் உள்ளே போகிறேன், கூடவே வாருங்கள். புரோகிராமில் ரேட்டுக்கு ஒரு டேபிள். சரக்கு, விலை, எந்தத் தேதி முதல். பில் போடும்போது, பில் தேதிக்கு முன்னால் கடைசியாக வந்த விலை எது என்று தேடி எடுக்கும். தேடச் சொல்லும் அந்த வரியில், தேதியைத் தேதியாகக் கொடுக்காமல் எழுத்தாக ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், முன்னும் பின்னும் ஒரு ஹேஷ் குறியோடு. மற்ற இடங்களில் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். இந்த ஒரு வரியில் மட்டும் அவசரமோ சோம்பேறித்தனமோ.

எழுத்தாக ஒட்டும்போது, அந்தந்தக் கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் எப்படியோ அப்படித்தான் தேதி எழுத்தாக மாறும். இந்தியப் பெட்டியில் 04-10-2024. ஆனால் ஹேஷ் குறிக்குள் இருப்பதை அக்சஸ் வாசிக்கும்போது உங்கள் செட்டிங்கைப் பார்ப்பதே இல்லை. எப்போதும் அமெரிக்கக் கண்ணோடு, மாதம் முன்னால். இது ஒளித்து வைத்த ரகசியம் இல்லை, கையேட்டிலேயே இருக்கிறது. ஆக, நாலு கம்ப்யூட்டருக்கும் அன்றைய தேதி ஏப்ரல் 10. ஆகஸ்ட் ரேட் இன்னும் பிறக்காத நாள். பழைய ரேட்டை எடுத்துக் கொடுத்துவிட்டன. அமெரிக்கப் பெட்டி மட்டும் 10/4/2024 என்று கொடுக்க, அக்சஸ் அதை அக்டோபர் 4 என்று சரியாகவே படித்தது.

ஐந்தாவது பெட்டியைப் பார்த்து ‘ஏப்ரல் பத்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு’ என்று அக்கா சொன்னாரே, அப்படி நினைத்துக்கொண்டிருந்தவை மற்ற நாலும்.

இதில் இன்னொரு கூத்து. தேதி 12-ஐத் தாண்டிவிட்டால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே. அக்சஸ் எரர் காட்டாமல் ‘சரி, இது நாளாக இருக்கும்’ என்று தானே புரட்டிப் படித்துக்கொள்ளும். செப்டம்பர் 28-ல் பழைய பெட்டி சரியான ரேட் கொடுத்தது அதனால்தான். சந்தேகம் தீர ஒரு பழைய பெட்டியில் உட்கார்ந்து, பில் தேதியை அக்டோபர் 1-லிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அக்கா பக்கத்தில் நின்று ரேட்டை வாய்விட்டுப் படித்தார். ஒன்று, 1,840. இரண்டு, 1,840. ஏழு வரைக்கும் அதேதான். எட்டு என்று போட்டதும் 1,960. ஏழாம் தேதியை ஜூலை 10 என்றும், எட்டாம் தேதியை ஆகஸ்ட் 10 என்றும் படிக்கிறது. ஆகஸ்ட் வந்துவிட்டால் புது ரேட் வந்துவிடும். மாதத்தின் முதல் ஏழு நாள் மட்டும் ஆபீஸே பழைய காலத்தில் வாழ்ந்திருக்கிறது.

பதின்மூன்று வருஷம் எப்படித் தப்பித்தது? நாளும் மாதமும் இடம் மாறினாலும் வருஷம் மாறுவதில்லை. ரேட் எப்போதும் ஜனவரி 1-ல் மாறிக்கொண்டிருந்த வரைக்கும், தப்பான தேதியும் சரியான ரேட்டில் போய்த்தான் விழுந்தது. நடுவருஷ விலையேற்றம் வந்ததும்தான் முதல்முறையாகக் காலை வாரியது. ஆகஸ்ட் முதல் வாரம் பழைய ரேட் வந்ததை ‘பழைய புக்கிங் போல’ என்று விட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் யாரும் கவனிக்கவே இல்லை. செப்டம்பர் 20-க்கு மேல் வந்த புதுப் பெட்டியும் மாதக்கடைசி வரை மற்றவற்றோடு ஒத்துப்போயிருக்கிறது. தகராறு ஒன்றாம் தேதிதான் ஆரம்பம். ‘வந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு, ஒண்ணாந்தேதியிலேருந்துதான் கோளாறு’ என்று மேனேஜர் காலையிலேயே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

ஃபாரத்தில் தேதி தெரியும் இடத்தில் மாதத்தை எழுத்தில் காட்டும்படி வைத்திருந்தேன், 04-அக்-2024 என்கிற மாதிரி. ஐந்து ஸ்கிரீனிலும் ஒரே தேதி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. குழப்பம் வரக் கூடாது என்று அன்றைக்கு நான் செய்த புத்திசாலித்தனம் அது.

தேதி அக்சஸுக்குள் தேதியாக இல்லை, ஒரு எண்ணாக இருக்கிறது. 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்ஜியம் என்று வைத்து அங்கிருந்து எத்தனை நாள் என்ற கணக்கு. அக்டோபர் 4 என்றால் 45569. என்னுடைய அந்த வரியை நிறுத்திப் பார்த்தபோது கையில் கிடைத்தது 45392. நூற்று எழுபத்தேழு நாள் பின்னால். (அதென்ன டிசம்பர் 30? லோட்டஸ் 1-2-3 காலத்தில் 1900-ஐத் தவறாக லீப் வருஷம் என்று வைத்துவிட்டார்கள். பின்னால் வந்த எக்செல், லோட்டஸோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அதே தப்பைத் தெரிந்தே வைத்துக்கொண்டது. அக்சஸ் 1900-ஐச் சரியாகக் கணக்கிட்டாலும், எக்செல் எண்களோடு பொருந்துவதற்காக ஆரம்பத்தை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிக்கொண்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். இனி அவ்வளவாகச் சிரிக்க மாட்டேன்.)

இதெல்லாம் நடந்த ரூமின் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. வெள்ளிக்கிழமை, நாலு, அக்டோபர், புரட்டாசி 18, ராகு காலம், எமகண்டம், எல்லாம் அணு அணுவாக. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்து ஆல்பத்தை வெளியிட்டு, நாட்டுக்கே தேதி அச்சடித்து அனுப்புகிற ஊர் இது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் தேதியில் கோட்டை விட்டிருக்கிறேன்.

சரிசெய்தது ஒரே வரி. தேதியை ஒட்டும் முன் வருஷம்-மாதம்-நாள் என்ற வரிசையில் மாற்றிக் கொடுத்தேன்: 2024-10-04. இப்படி எழுதினால் எந்த நாட்டுக் கண்ணோடு பார்த்தாலும் அக்டோபர் நாலுதான். ஐந்து பெட்டியிலும் புது ஃபைலைப் போட்டு, ரீஜனை வேண்டுமென்றே அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 1,960. புதுப் பெட்டியின் ரீஜனை இந்தியாவிலேயே விட்டேன், ஏனென்றால் அதுவும் முழு யோக்கியன் இல்லை. லாரி ஏற்றும் தேதியைக் கையால் 3/10 என்று தட்டிய ஒரு பதிவு மார்ச் 10 என்று உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்தினோம்.

பிறகுதான் கஷ்டமான பகுதி. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் முதல் வாரப் பில்களை எல்லாம் உருவி, வித்தியாசத்தைக் கூட்டி ஒரு தாளில் எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன். 58 பில். அறுபத்து நாலாயிரத்துச் சொச்சம். ஜிஎஸ்டி தனி.

“அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர் கோளாறு இல்ல. நான் எழுதுனதுல தப்பு.”

தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

“டெபிட் நோட் போட்டு வாங்கிறலாம்ணே” என்றார் மேனேஜர்.

“சரக்கு ஏத்திட்டுப் போனவன்கிட்ட போயி ரேட்டு தப்பாப் போட்டுட்டோம்னு கேட்டா, அடுத்த வருஷம் நேரா எதுத்த ஆபீஸுக்குப் போயிருவான். விடு.” பிறகு என்னைப் பார்த்து, “கும்பகோணத்தானுக்கு ரெண்டு பில்லையும் 1,840-க்கே போட்டுரச் சொல்லுங்க. நாளையில இருந்து புது ரேட். நாளைக்கு வரும்ல?”

“வரும் அண்ணாச்சி.”

“ஏழாம் தேதி வரைக்கும் நீங்க தெனம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

போனேன். மூன்று நாளும் சும்மா உட்கார்ந்து, ஒவ்வொரு பில்லாக டிராயர் தாளோடு ஒப்பிட்டேன். அன்றைக்கு வந்ததற்கோ இதற்கோ காசு கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அக்கா தன் சீட்டில் உட்கார்ந்து, மானிட்டரில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப என் பொட்டிதான் சரி. அப்படித்தான தம்பி?”

“ஆமாக்கா.”

“மூணு நாளா சீட்டு இல்லாம ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்.” தாள் கிழியாமல் வந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா எழுதியிருக்காரு. வீணாக்க வேண்டாம். எங்க ஒட்டலாம்?”

மற்ற நாலு பெட்டியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, லாரிக்கு வழிவிட்டு நின்று, பஸ் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். லேப்டாப் பையின் முதுகில் ஒட்டிவிட்டிருந்தார்.